சுரங்க விளக்கின் பூட்டு

பித்தளையும் இரும்பும் தடித்த கண்ணாடியுமாக, ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் நிற்கும் பழைய சுரங்க விளக்குகள் இன்று பழம்பொருட் கடைகளிலும் சேகரிப்போர் வீடுகளிலும் இருக்கின்றன. பெரும்பாலும் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களிலே பணிபுரிந்து ஓய்ந்தவை அவை. அப்படி ஒன்றை வாங்கியவர் முதலில் அதைத் திறந்து பார்க்க விரும்புவார். விளக்கோ அசையாது. உடனே குறட்டையும் சுத்தியலையும் தேடுவார். விளக்குகள் பாழாவது பெரும்பாலும் அந்த வேளையிலேதான். துருப்பிடித்ததனால் மட்டும் அது திறவாதிருக்கவில்லை. வேண்டுமென்றே திறக்கவொண்ணாதபடி செய்யப்பட்ட பொருள் அது.

1812ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள பெலிங் என்னும் சுரங்கத்தில் வாயு தீப்பற்றி வெடித்து 92 பேர் மாண்டனர். அவர்களுட் சிறுவர் பலர். நிலக்கரிப் படுகையிலிருந்து கசியும் மெதேன் வாயு, காற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்குவரை கலந்திருக்கும்போது ஒரு மெழுகுதிரிச் சுடரே அதை வெடிக்கச் செய்யப் போதும். இதற்கு மாற்றுத் தேடியவர்களுட் சண்டலாந்து நகர வைத்தியர் கிளானி, ஜோர்ஜ் ஸ்டீவன்சன், சர் ஹம்பிரி டேவி ஆகிய மூவர் முக்கியமானவர்கள். டேவி 1815இல் கண்ட வழி மிக எளியது. எரியும் சுடரின் மேல் ஒரு நுண்ணிய கம்பி வலையைப் பிடித்தால், சுடர் வலையோடு நின்றுவிடும். வலையைத் தாண்டி மேலெழாது. சுடரின் வெப்பத்தைக் கம்பிகள் கவர்ந்துவிடுவதால், அப்பாலுள்ள வாயு தீப்பற்றும் அளவிற்குச் சூடேறுவதில்லை. ஓர் அங்குலத்திற்கு 28 கம்பிகள், அதாவது ஒரு சதுர அங்குலத்தில் 784 கண்கள்: இதுவே அவ்வலையின் அளவாக நிலைபெற்றது.

ஆனால், வலைக்குள் அடைபட்ட விளக்கின் ஒளி மிகச் சொற்பம். கரி வெட்டுபவன் கண்ணுக்கு அது போதவில்லை. திரியைத் தூண்டவோ, சுங்கானுக்குத் தீ மூட்டவோ விளக்கைத் திறக்கும் ஆசை எழும். ஒருவன் திறந்தால் உயிரிழப்பவன் அவன் மாத்திரமல்லன். ஆகவேதான் பூட்டு வந்தது. பாதுகாப்பு விளக்குக் கட்டாயமான இடங்களில் அது பூட்டப்பட்டிருக்க வேண்டுமென்றும், அதற்கென நியமிக்கப்படாதவர் திறப்பையோ தீக்குச்சியையோ வைத்திருக்கலாகாதென்றும் 1872ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் விதித்தது.

எனவே, கையில் உள்ள விளக்குக்கு எவ்வகைப் பூட்டு என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆகப் பழைய வகை திருகாணிப் பூட்டு. எண்ணெய்க் கலத்தின் விளிம்பில் ஒரு சிறு குழியின் உள்ளே ஆணியின் தலை தெரியும். அதற்கேற்ற துளைத் திறப்புக் கொண்டு திருப்பினால் இறங்கிவிடும். வளைத்த ஆணியொன்றால் தொழிலாளரும் இதைத் திறந்துவிடுவர் என்பதே இதன் குறை. அடுத்தது ஈயப்பூட்டு. கலத்தையும் மேற்பகுதியையும் ஊடுருவும் துளையில் ஈயத் துண்டொன்றைச் செருகி, எழுத்தோ இலக்கமோ பதியும்படி இடுக்கியால் நசுக்கிவிடுவர். இது திறப்பதைத் தடுக்கும் பூட்டன்று. திறந்ததை மறைக்கவிடாத பூட்டு. அத்தகைய ஈயம் இன்னும் எஞ்சியிருந்தால், அதை வெட்டுமுன் புகைப்படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று. அந்தச் சுரங்கத்தின் அடையாளம் அதிலேயே இருக்கக்கூடும். வெட்டியபின் கைகளைக் கழுவவும் வேண்டும்.

மூன்றாவது காந்தப்பூட்டு. ஜெர்மனியின் சுவிக்காவ் நகரில் 1880களில் கார்ல் வுல்ப் செய்த விளக்குகள் இவ்வகைக்குப் பெயர் பெற்றவை. உள்ளே வில்லால் தள்ளப்பட்ட இரும்புக் கட்டையொன்று பற்களிடையே விழுந்து நிற்கும். கலத்தை இறுக்கலாம், தளர்த்த முடியாது. விளக்கறையிலிருந்த பெரிய காந்தம் ஒன்றே அக்கட்டையை இழுக்கும். இன்று கிடைக்கும் நியோடிமியக் காந்தம் அந்த வேலைக்குப் பெரும்பாலும் போதும். பூட்டின் புடைப்பு எங்கே முடிகிறதோ அங்கே அதை வைத்து, மரச் சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே கலத்தை இடப்புறமாகத் திருப்ப வேண்டும். அசையாவிடின், புரிகளில் ஊடுருவும் எண்ணெய் சில துளி விட்டு ஓரிரு நாள் பொறுத்திருந்து மீண்டும் முயலலாம். துளையிட்டுப் பூட்டை உடைப்பவர், அந்த விளக்கின் வரலாற்றில் பாதியை உடைக்கிறார் என்பேன்.

திறந்தபின் கண்ணாடி, அதன் இருபுறத்து வளையங்கள், ஒன்றினுள் ஒன்றாக அமைந்த வலைகள் என ஒவ்வொன்றாகக் கழன்று வரும். எடுத்த வரிசையிலேயே அவற்றைப் பரப்பி வைப்பது புத்தி. இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய வளையங்கள் பல கல்நாரால் ஆனவை; அதன் தூசி நுரையீரலுக்குக் கொடியது. அவற்றை உலர்ந்த நிலையிற் சுரண்டலாகாது. ஈரமாக்கி எடுத்து, மூடிய உறையில் இட்டு அகற்ற வேண்டும்.

வலையை மென்மையான தூரிகையாற் சவர்க்கார நீரிற் கழுவி, உடனே உலர்த்தி, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு கண் பெரிதாகியிருந்தாலும், ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அவ்வலை சுடரைத் தடுக்கும் தகுதியை இழந்துவிட்டது. பித்தளையைப் பொன்போல் மினுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தேய்க்கத் தேய்க்க, செய்தவர் பெயரும், தொழிலாளிக்கு உரிய இலக்கமும் மறைந்துபோகும்.

ஏற்றிப் பார்க்க விரும்புவோர் கலத்தின் உள்ளே பார்க்க வேண்டும். பஞ்சு அடைத்திருந்தால் அது நப்தா விளக்கு. பஞ்சு உறிஞ்சும் அளவு ஊற்றி, மிச்சத்தைக் கவிழ்த்து வடித்துவிட வேண்டும். பழைய கொல்சா எண்ணெய் விளக்குக்கு நப்தாவை ஊற்றுதல் ஆபத்து. எவ்வகையாயினும், கசியும் வாயு இருக்கும் இடத்துக்குப் பழைய விளக்கைக் கொண்டு செல்லவே கூடாது. நம் கையிலுள்ளது முன்னாளில் பாதுகாப்பு விளக்கு. இன்று அது வெறும் விளக்கே.

மீண்டும் பூட்டும்போது கண்ணாடி வளையங்களிற் சமமாக அமர்ந்திருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். முழுதும் இறுக்கியபின் விளக்கை ஏற்றி, கண்ணாடியின் மேல் கீழ் விளிம்புகளைச் சுற்றிலும் வாயால் ஊதிப் பாருங்கள். எவ்விடத்தில் ஊதும்போது சுடர் நடுங்குகிறதோ, அவ்விடத்து வளையம் சரியாக அமரவில்லை.