கவாத்து சொல்லித்தரும் ஏட்டுக்குப் படி யார் கொடுப்பது?

காவல் துறையில் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் வந்தால், கூட வேலை பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "என்ன தப்பு பண்ணீங்க?" என்பதுதான். அங்கே ஸ்டேஷன் கிடையாது, ஜீப் கிடையாது, ஊரில் சலாமும் கிடையாது. விடிகாலையில் மைதானத்தில் கவாத்து, பகலில் சட்ட வகுப்பு. பனிஷ்மென்ட் போஸ்டிங் என்ற பெயர் நாடு முழுக்க இதற்கு ஒட்டிக்கொண்டது.

இதை மாற்ற மத்திய அரசு கண்ட வழி, பயிற்சிப் படி. அயல்பணியில் பயிற்றுநராக வருபவர்களுக்கான கூடுதல் தொகை இது. 7-வது ஊதியக் குழுவை ஒட்டி 2017 ஜூலை முதல், குரூப் 'ஏ' அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசிய, மத்திய அகாடமிகளில் அடிப்படைச் சம்பளத்தில் 24 சதவீதமும் பிற பயிற்சி நிறுவனங்களில் 12 சதவீதமும் தரப்படுகிறது. முன்பு இவை 30, 15. ஐதராபாத்தில் உள்ள சர்தார் வல்லபாய் படேல் தேசிய காவல் அகாடமியில் 67,700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் இருக்கும் ஒருவருக்கு, 24 சதவீதக் கணக்கில் மாதம் 16,248 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆனால் நாம் தெருவில் பார்க்கும் காவலர் ஐதராபாத்தில் படித்தவர் அல்லர். அவரை உருவாக்குவது மாநிலத்தின் காவலர் பயிற்சிப் பள்ளி. காவல், அரசமைப்பின் 7-வது அட்டவணைப்படி மாநிலப் பொருள். அந்தப் பள்ளியின் சம்பளப் பட்டியலும் மாநில பட்ஜெட்டில்தான் வரும். தமிழ்நாட்டில் காவல் துறைக்கான மானியக் கோரிக்கை எண் 22.

மத்திய உதவி இல்லாமல் இல்லை. 2021-26 காலத்துக்கு காவல் நவீனமயத் திட்டங்களுக்கென 26,275 கோடி ரூபாய் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதில் மாநிலக் காவல் படைகளுக்கான பகுதி ஆயுதம், தகவல் தொடர்பு, பயிற்சிக் கருவி போன்றவற்றுக்கு, சம்பளத்துக்கு இல்லை. துப்பாக்கி சுடப் பழகும் சிமுலேட்டர் டெல்லிப் பணத்தில் வரலாம். அதில் கைபிடித்துச் சொல்லித்தரும் ஏட்டுக்கான படியை மாநிலம்தான் தேட வேண்டும்.

அது பெரிய தொகையா? சராசரி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் வாங்கும் 100 பயிற்றுநர்களுக்கு 12 சதவீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 57.6 லட்சம். தொகையைவிட அதன் தன்மைதான் நிதித் துறையைத் தயங்க வைக்கிறது. கட்டடம் ஒருமுறைச் செலவு, படியோ ஆண்டுதோறும் திரும்ப வரும். காவலுக்குக் கொடுத்தால் சிறைத் துறையும் தீயணைப்புத் துறையும் நாளைக்கே மனுவோடு வந்து நிற்கும். (நியாயமாகவே நிற்கும் என்பது வேறு விஷயம்.)

யோசனையும் புதிதல்ல. நல்லவர்களைப் பயிற்சி நிறுவனங்களுக்கு ஈர்க்கப் பணச் சலுகை வேண்டும் என்று 2006-ல் சோலி சொராப்ஜி குழு தந்த மாதிரி காவல் சட்ட வரைவே சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1-க்குப் பிறகு தேவை இன்னும் கூடிவிட்டது. கொலைக்கு 302, மோசடிக்கு 420 என்று மனப்பாடமாக வைத்திருந்த பயிற்றுநர்கள், பாரதிய நியாய சன்ஹிதா வந்தபின் 103, 318 என்று தாங்களே முதலில் படித்துவிட்டுத்தான் வகுப்பில் நிற்க முடியும்.

பணம் மட்டும் போதாது என்பதும் உண்மை. தேர்வு இல்லாமல் படியை மட்டும் கொடுத்தால், பெருநகருக்குப் பக்கத்தில் ஓய்வெடுக்க நினைப்பவர்களே பயிற்சிப் பள்ளியை நிரப்புவார்கள். வகுப்பெடுக்கும் திறனைச் சோதித்து ஆளெடுக்க வேண்டும். குறித்த காலம் முடிந்ததும் விரும்பிய இடத்துக்கு மாற்றல் தர வேண்டும்.

மாநிலங்கள் படி கொடுப்பதாக இருந்தால், மைதானத்தில் நிற்கும் கவாத்து ஏட்டிலிருந்து தொடங்கட்டும். புதிதாகச் சேரும் காவலர் பார்த்துப் பழகும் முதல் போலீஸ்காரர் அவர்தான்.