எரிந்துபோன காகிதங்கள்: யூதப் பெண்களின் கிராஃபிக் நாவல்கள்

'மௌஸ்' பத்தி ஒரு எபிசோட் போடுங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆர்ட் ஸ்பீகல்மன் வரைஞ்சது. யூதர்கள் எலிகள், நாஜிகள் பூனைகள். அப்பா விளாடெக் ஆஷ்விட்ஸ் முகாம்ல எப்படிப் பிழைச்சார்னு மகன் கேட்டுக் கேட்டு வரையுறார். 1992-ல புலிட்சர் சிறப்புப் பரிசும் கிடைச்சது. ஆனா இன்னைக்கு நான் பேச வந்தது அதுல சொந்தக் குரலே இல்லாத ஒருத்தரைப் பத்தி. அவர் அம்மா ஆன்யா.

ஆன்யாவும் அதே கொடுமையில இருந்து மீண்டவங்க. நடந்ததை நோட்டுப் புத்தகங்கள்ல எழுதி வெச்சாங்க, மகன் வளர்ந்து படிக்கட்டும்னு. 1968-ல தற்கொலை செஞ்சுக்கிட்டாங்க. அந்த நோட்டு எங்கேன்னு மகன் கேட்டுக்கிட்டே இருக்கார். முதல் பாகத்தோட முடிவுல அப்பா உண்மையைச் சொல்றார்: எரிச்சுட்டாராம். மகன் அவரைக் கொலைகாரன்னு சொல்ற இடத்துல புத்தகம் முடியுது. ஆக, நமக்குக் கிடைக்கிற ஆன்யா, கணவரோட ஞாபகத்துல இருக்கிற ஆன்யா மட்டும்தான்.

இதே மாதிரி காகிதம் எரியிற இன்னொரு புத்தகம் இருக்கு. அங்கே எரிக்கிறது அம்மா. வரையுறது மகள். மிரியம் கேட்டினோட 'வீ ஆர் ஆன் அவர் ஓன்', 2006-ல வந்தது. கேட்டின் 1942-ல புடாபெஸ்ட்ல பிறந்தவங்க. இது வந்தப்போ அறுபதைத் தாண்டிட்டாங்க!

1944 மார்ச்ல ஜெர்மனி ஹங்கேரியை ஆக்கிரமிச்சது. மே நடுவுல இருந்து ஜூலை தொடக்கத்துக்குள்ள நாலு லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை ரயில்ல ஏத்தி அனுப்பினாங்க. பெரும்பாலும் ஆஷ்விட்ஸுக்கு. கதையில அப்பா ராணுவத்துல இருக்கார். அம்மா எஸ்தர் போலி அடையாளச் சீட்டு வாங்கிட்டு, கல்யாணமாகாம குழந்தை பெத்த வேலைக்காரப் பொண்ணு மாதிரி வேஷம் போட்டுக் கிராமத்துப் பக்கம் தப்பிக்கிறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி கடிதம், போட்டோ எல்லாத்தையும் அடுப்புல போடுறாங்க. பைபிளையும். நீங்க யாருன்னு காட்டுற ஒவ்வொரு பொருளும் உங்களைக் கொல்லக்கூடிய சாட்சியா மாறின நேரம் அது. விளாடெக் எரிச்சதுல ஒரு பொண்ணோட குரல் போச்சு. எஸ்தர் எரிச்சதாலதான் ரெண்டு உயிர் மிஞ்சிச்சு. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க என்னால முடியல.

சரி, இவ்வளவு சின்னக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அம்மா சொன்னதை வெச்சும், அம்மா அப்பாவுக்கு எழுதினதுல மிச்சமிருந்த சில கடிதங்களை வெச்சும்தான் கேட்டின் இதைக் கட்டியிருக்காங்க. தன்னோட பேரைக்கூட லிசான்னு மாத்திட்டாங்க. போர்க்கால பக்கங்கள் எல்லாம் அழுத்தமான பென்சில் கோடு. பிற்காலக் காட்சிகள்ல கலர்.

என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வெச்ச பகுதி ஒண்ணு உண்டு. ஒரு ஜெர்மன் அதிகாரி அம்மாவைத் தேடி வீட்டுக்கு வர ஆரம்பிக்கிறான். வரும்போது சாக்லேட் கொண்டு வர்றான். குழந்தைக்கு அவன் சாக்லேட் தர்ற நல்ல மாமா. அம்மா எதுக்காக அவனைப் பொறுத்துக்கிறாங்கன்னு நமக்குப் புரியுது, லிசாவுக்குப் புரியல. இதை உரைநடையில எழுதினா யாராவது விளக்கம் சொல்ல வேண்டி வரும். படத்துல குழந்தையோட சந்தோஷமும் அம்மாவோட முகமும் பக்கத்துப் பக்கத்துல நின்னா போதும். இந்தக் கதைகளுக்கு கிராஃபிக் நாவல் ஏன்னு கேக்குறவங்களுக்கு நான் காட்டுறது இந்தப் பக்கங்களைத்தான்.

கடவுள் விஷயமும் அப்படித்தான். கடவுள் எங்கேன்னு லிசா வழியெல்லாம் தேடுறா. அம்மா அந்த அடுப்புல கடவுளையும் சேர்த்து எரிச்சிருப்பாங்களோன்னுகூட அவளுக்குத் தோணுது. பிறகு தாயான கேட்டினுக்கும் அந்த நம்பிக்கை திரும்பி வரல. ஆனாலும் தான் யூதப் பெண்ங்கிறதை அவங்க கீழே வைக்கவும் இல்ல. இந்த ரெண்டையும் புத்தகம் சமாதானப்படுத்த முயலாததுதான் எனக்குப் பிடிச்சது.

இவ்வளவு கனம் வேண்டாம்னா, இஸ்ரேலைச் சேர்ந்த ரூத்து மோடானோட 'தி ப்ராப்பர்ட்டி' இருக்கு, 2013. பாட்டியும் பேத்தியும் போருக்கு முன்னாடி இழந்த சொத்தைத் தேடி வார்சா போறாங்க. இது கற்பனைக் கதை, நல்லா சிரிக்கலாம். பாட்டி நிஜமாவே தேடிப் போறது சொத்து இல்ல. அது என்னன்னு நான் சொல்ல மாட்டேன்.

'மௌஸ்' ஏற்கனவே படிச்சவங்க, கேட்டின் புத்தகத்தை முடிச்சுட்டு அதைத் திரும்ப எடுங்க. இந்தத் தடவை ஆன்யா வர்ற கட்டங்களை மட்டும் தேடிப் பாருங்க.