நின்றுபோன நாலு மாடி

மணியாச்சி ஜங்ஷனில் ராத்திரி ரயிலேறி மெட்ராஸ் போய்த் திரும்பியவரை ஒரு காலத்தில் எங்கள் பக்கம் நிறுத்திவைத்துக் கேட்ட கேள்வி, "பதினாலு மாடிய பாத்தியா?" என்பதுதான். எல்.ஐ.சி. என்று பெயர் சொல்லக்கூட வேண்டாம். இந்தக் கேள்வியின் கனம் கரிசலில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசி மழையில் உப்பி எழும்பும் மண் இது. ஒரு மாடி எழுப்பவே அஸ்திவாரத்துக்கு நாலு பேரிடம் யோசனை கேட்போம்.

ஆனால் அந்தப் பதினாலு முதலில் போட்ட கணக்கு இல்லை. மவுண்ட் ரோட்டில் எழுப்ப நினைத்தது 18 மாடி.

நினைத்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம் வேறு ஆள். பலரும் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள். இவர் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்தவர். தம்முடைய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காகத்தான் அந்தக் கட்டடம். லண்டனின் பிரவுன் அண்ட் மௌலின் வரைபடம் போட்டது. 1953-ல் கோரமண்டல் இன்ஜினியரிங் வேலையைத் தொடங்கியது. சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டிப் பழகிய ஊரில் கான்கிரீட் தூண்கள் எழுந்தன.

மறு வருஷமே, 1954 மார்ச் 13 அன்று, சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் தரையிறங்கிய விமானம் நொறுங்கித் தீப்பிடித்ததில் செட்டியார் இறந்துபோனார். வயது 45. 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. 245 நிறுவனங்கள் எல்.ஐ.சி.க்குள் போயின, பாதி எழுந்த கட்டடமும் கூடவே போனது. 1957-ல் லண்டன்காரர்கள் விலகிக்கொள்ள, சென்னைக் கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே மீதியை முடித்தார். 1959 ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். செலவு சுமார் 87 லட்சம் ரூபாய், உயரம் 177 அடி.

சொந்தக்காரர், நிறுவனம், வரைந்தவர் என்று மூன்றும் மாறிய பிறகும் அது எழுந்து நின்றதே பெரிய காரியம் என்பேன். மும்பையில் 'இந்தியா டவர்' என்று 700 மீட்டருக்கும் மேலே போவதாகச் சொன்னார்கள். 2010-ல் தொடங்கிய வேலை மறு வருஷமே நின்றது. பிறகு திட்டமே கைவிடப்பட்டது. பணமும் பரபரப்பும் அங்கே குறைவா என்ன?

எல்.ஐ.சி. கட்டடம் 1975 ஜூலையில் பெரிய தீ விபத்தையும் தாங்கி நின்றது. பட்டணத்துக்கு வந்து இறங்கும் கதாநாயகனை அண்ணாந்து பார்க்க வைக்க, சினிமாக்காரர்களுக்குப் பல காலம் அதைவிட்டால் வேறு கட்டடம் கிடைக்கவில்லை. நாலு மாடி குறைந்தும், திறந்த அன்று இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். 1961-ல் பம்பாயின் 'உஷா கிரண்' எழும்வரை அந்தப் பெருமையை எவரும் தொடவில்லை.