தோலுக்கு மேல் ஒரு தோல்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பெரிய கார் ஒன்று விலைக்கு வந்தால், வாங்குகிறவர் பானெட்டைத் திறப்பார், டயரைத் தட்டுவார், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். டிரைவர் சீட்டின் வலது ஓரத்தையும் பார்க்க வேண்டும். ஏறி இறங்கும்போதெல்லாம் உடம்பு உராய்கிற மேடு அது. அங்கேதான் முதலில் நிறம் போகும், பிறகு மெல்லிய கோடுகள் விழும், பிறகு வெடிக்கும். ஹெட்ரெஸ்டில் தலையெண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும். ஜன்னலை ஒட்டிய பக்கம் வெளிறியிருக்கும்.

இதைக் கண்டதும் நம் ஊரில் இரண்டு காரியம் நடக்கிறது. "தோல் காய்ஞ்சு போச்சு" என்று சொல்லித் தேங்காய் எண்ணெயையோ, கடையில் விற்கும் பளபளப்பு ஸ்பிரேயையோ பூசுகிறார்கள். இல்லையென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற, கார் சாமான் கடைகள் உள்ள இடத்துக்கு வண்டியை ஓட்டிப் போய், மேலே புதிதாக ஒரு சீட் கவர் மாட்டிவிடுகிறார்கள். இரண்டுமே அந்தச் சீட்டுக்குச் செய்கிற கெடுதல். அதன் மேல் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டையும் செய்ய மனம் வராது.

இன்றைய கார்களில் வருகிற லெதரில் பெரும்பகுதி, நாம் கையால் தொடுகிற இடத்தில் தோலே அல்ல. பதனிட்டுச் சாயம் ஏற்றிய தோலின் மேல் வண்ணப் பூச்சு ஒன்று, அதற்கும் மேல் பாலியூரித்தேன் என்ற தெளிவான காப்புப் பூச்சு ஒன்று. எல்லாம் சேர்ந்தாலும் தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமுடிக்குள் அடங்கிவிடும். வேர்வை, வெயில், ஜீன்ஸ் சாயம், குழந்தை கொட்டிய பால் எல்லாவற்றையும் தாங்குவது அந்தப் பூச்சுதான். பழைய சீட்டில் நாம் "தோல் வெடிச்சிருக்கு" என்று சொல்வது பல நேரம் பூச்சின் வெடிப்பு. அடியில் தோல் நன்றாகவே இருக்கும். ஆகவே காப்பாற்ற வேண்டியது முதலில் அந்த மேற்பூச்சை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்புகளில் வேலை பார்த்தவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. தோலுக்கு எண்ணெய் எப்போது ஏறுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பச்சைத் தோலை ஈரத்தோடு சூடாக்கினால் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். குரோம் உப்பில் பதனிட்டால் அதே தோல் கொதிநீரையும் தாங்கும். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற முறைதான் குரோம் பதனிடலைத் தொழிலாக ஆக்கியது. அப்படிப் பதனிட்ட தோல் அப்படியே காய்ந்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல் விறைத்துவிடும். அதனால்தான் பெரிய மர டிரம்மில் வெந்நீரோடும், நீரில் பால்போலக் கலக்கிய எண்ணெயோடும் போட்டுச் சுற்றுகிறார்கள். அந்த எண்ணெய் நாருக்கு நார் போய் உட்கார்ந்த பிறகுதான் மேற்பூச்சு வருகிறது. பூச்சு மூடிய பிறகு நாம் துணியில் தொட்டுத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கு உள்ளே போக வழி எங்கே? மேலேயே தங்கும், தையல் துளைகளில் இறங்கும், வெடித்த இடத்தில் மட்டும் உறிஞ்சப்பட்டுத் திட்டுத்திட்டாகக் கறுக்கும். அதன் மேல் தூசி வந்து ஒட்டும்.

தோல் கெட்டால் எண்ணெய் குறைந்துவிட்டது என்று நினைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. லண்டனில் அதீனியம் கிளப்பின் தோல் நாற்காலிகள் உதிரத் தொடங்கியபோது, 1840களில், அதன் காரணத்தை ஆராய்ந்தவர் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. அவர் குற்றம் சாட்டியது அறையில் எரிந்த வாயு விளக்குகளை. அவற்றின் புகையில் இருந்த கந்தகம் தோலை அரித்தது. அதன் பிறகும் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் பழைய தோல் அட்டைகளுக்குக் கம்பளிக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த களிம்புகளைப் பல்லாண்டுகள் பூசிக்கொண்டுதான் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாதுகாப்பு வல்லுநர்கள் அதைக் கைவிடத் தொடங்கினார்கள். களிம்பு தோலைக் கறுக்கவைத்தது, பிசுக்காக்கியது, மேலே வெள்ளையாகப் பூத்தது. ஆயுளைக் கூட்டியதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. கெடுக்கிற காற்றையும் வெளிச்சத்தையும் அழுக்கையும் விலக்குவதே வேலை என்று அவர்கள் வந்து சேர்ந்த முடிவு கார் சீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

வேலையில் இறங்குமுன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: இருப்பது தோல்தானா? "லெதர் சீட்" என்று சொல்லி விற்கிற பல கார்களில் உட்காருகிற நடுப்பகுதி மட்டும் தோல். பக்கங்களும் முதுகுப்புறமும் ரெக்சின். முழுக்கவே செயற்கையானதும் நிறைய. மெர்சிடிஸ் கார்களில் வரும் எம்.பி.டெக்ஸ் என்பது வினைல்தான். முப்பது வருடம் கழிந்தும் தோலென்றே நம்புகிறவர்கள் உண்டு, அவ்வளவு நன்றாக உழைக்கிறது. சீட்டின் அடியில் கைவிட்டு, மடித்துத் தைத்த ஓரத்தின் உட்புறத்தைப் பாருங்கள். நூலால் நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். மெத்தென்ற நார் தெரிந்தால் தோல். தோலென்றால், மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது அப்படியே உருண்டு நின்றால் பூச்சுள்ள தோல். ஊறிக் கறுத்தால் பூச்சில்லாத அனிலின் வகை, அல்லது பூச்சு தேய்ந்துபோன இடம்.

இனி சுத்தம் செய்வது. என் கணக்கில் லெதர் சீட்டுப் பராமரிப்பில் பத்தில் எட்டுப் பங்கு இதுதான், ஆனால் இதற்குத்தான் பலருக்குப் பொறுமை இல்லை. முதலில் மணலை எடுக்க வேண்டும். தையல் இடுக்கிலும் மடிப்பிலும் தங்குகிற மணல், ஒவ்வொரு முறை உட்காரும்போதும் உப்புத்தாள்போலப் பூச்சையும் நூலையும் அறுக்கிறது. மெல்லிய பிரஷ் மாட்டிய வாக்குவம் கிளீனரால் இடுக்குகளை விரித்து விரித்து உறிஞ்ச வேண்டும். இதைச் செய்யாமல் ஈரத்துணி போட்டால் மணலைச் சேறாக்கித் தேய்த்ததாகத்தான் முடியும்.

அடுத்து சோப்பு. தோல் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. துணி சோப்பு, சமையல் சோடா, பாத்திரம் தேய்க்கும் தூள் ஆகியவை காரத்தன்மை கொண்டவை. பூச்சையும் கெடுக்கும், தேய்ந்த இடங்களில் உள்ளே இறங்கித் தோலின் பதத்தையும் கெடுக்கும். குதிரைச் சேணத்துக்கென்று விற்கும் சோப்பும் கார் சீட்டுக்கு ஆகாது. தோலுக்கென்றே வரும் காரமில்லாத கிளீனரை வாங்குங்கள். அதைச் சீட்டில் நேராக அடிக்காமல் மெல்லிய பிரஷ்ஷில் எடுத்து, நுரையாக்கி, உள்ளங்கையளவு இடத்தை வட்டமாகத் தேய்த்து, அழுக்கு மேலே வந்ததும் ஈர மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு அடுத்த உள்ளங்கையளவு. சிறு துளை போட்ட சீட்டாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். துளை வழியே இறங்கும் தண்ணீர் ஃபோமில் தேங்கும். அடியில் ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சாரும், சில கார்களில் காற்றாடியும் இருக்கின்றன.

கறை போக்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சை மட்டும் சீட்டில் வைக்காதீர்கள். அழுக்கு அதிசயமாகப் போவதாகத் தெரியும். அதோடு பூச்சும் உரிந்து போகிறது. கொரோனா காலத்தில் ஸ்டீயரிங்கிலும் கைப்பிடியிலும் ஆல்கஹால் சானிடைசரைத் தடவித் தடவிப் பூச்சு பிசுபிசுத்துப்போன கார்கள் எத்தனையோ. ஜீன்ஸின் நீலச் சாயம் வெளிர்நிறச் சீட்டில் பட்டால் அந்த வாரமே துடைத்துவிட வேண்டும். வெயில் சூட்டில் அது பூச்சுக்குள் இறங்கிவிட்டால் நிறம் அடித்து மறைப்பதைத் தவிர வழியில்லை.

நம் ஊருக்கென்றே இருக்கிற பிரச்சினை தலையெண்ணெய். ஹெட்ரெஸ்டில் படிகிற எண்ணெய், மாதக்கணக்கில் ஊறிப் பூச்சை இளக்குகிறது, வெடிப்பு வழியே தோலுக்குள்ளும் இறங்குகிறது. அப்படி ஊறிய இடத்தில் பின்னாளில் புதுப் பெயின்ட்டும் பிடிக்காது. ஒரு சின்னத் துண்டைப் போட்டு வைத்து வாரம் ஒரு முறை துவைப்பது எவ்வளவோ மேல்.

அப்படியானால் கண்டிஷனரே வேண்டாமா? பூச்சுள்ள தோலுக்கு, தண்ணீர் சேர்ந்த மெல்லிய வகையைச் சுத்தம் செய்தபின் கொஞ்சமாகத் தடவித் துடைத்துவிடலாம். அது தோலை ஊட்டி வளர்க்காது. உராய்வைக் குறைக்கும், அடுத்த அழுக்கு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். அந்த அளவில் பயன்தான். சிலிக்கான் கலந்த பளபளப்பு ஸ்பிரே மட்டும் கூடவே கூடாது. வழுக்கும், கண்ணைக் கூசவைக்கும். என்றைக்காவது நிறம் அடிக்க நேர்ந்தால் பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும்.

நிஜமாகவே கொழுப்பு தேவைப்படும் தோல் வேறு இருக்கிறது. 1878இல் லண்டனில் தொடங்கிய கானலி நிறுவனத்தின் தோல் போட்ட பழைய ஜாகுவார், ரோல்ஸ் ராய்ஸ் சீட்டுகள் அப்படிப்பட்டவை. அவற்றின் மேல் இருந்தது பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. அது வயதானால் நுண்ணிய வெடிப்பு விடும், அதன் வழியே களிம்பு உள்ளே போகும். அந்த நிறுவனமே தன் தோலுக்கென்று களிம்பு விற்றது. அப்போதும் மிக விறைத்துப்போன சீட்டுக்கு, உறையைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து எண்ணெய் ஏற்றுகிறவர்தான் கெட்டிக்காரத் தொழிலாளி. அங்கே பூச்சு தடுக்காது.

வெயிலைப் பற்றி ஒரு விஷயம். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அது நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. நிறையவே உள்ளே விடும். ஆகவே டேஷ்போர்டுக்கு மட்டும் மறைப்பு வைத்துவிட்டுப் போனால் போதாது. பக்க ஜன்னலுக்கும் வேண்டும், அல்லது நிழல் வேண்டும்.

மழைக்காலத்தில் எதிரி மாறுகிறது. ஓட்டாமல் மூடிவைத்த காரில் பூஞ்சை வெள்ளையாகப் படரும். வாரத்தில் ஒருநாள் கதவைத் திறந்து காற்றாடவிட்டாலே பாதி தப்பிக்கலாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற ஒன்றில் சீட் நனைந்துவிட்டால், வெயிலில் வைப்பதோ ஹேர் டிரையர் பிடிப்பதோ தோலைப் பலகையாக்கிவிடும். சீட்டைக் கழற்றி நிழலில், மின்விசிறியடியில், நாட்கணக்கில் மெதுவாகக் காயவிட வேண்டும்.

சீட் கவர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். நல்ல தோலின் மேல் ரெக்சின் கவர் போட்டால் அடியில் வேர்வை ஈரமும் மணலும் தங்கும், கவரின் அசைவில் பூச்சு தேயும். பாதுகாப்பதாக நினைத்து மூடியதைச் சில வருடம் கழித்துத் திறந்தால் மூடாத சீட்டைவிட மோசமாக இருக்கலாம். அதைவிட முக்கியம், பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளிருந்துதான் விரிகிறது. அதற்கென்று தைக்காத இறுக்கமான கவர் அதைத் தடுத்துவிடக்கூடும்.

ஏற்கெனவே வெடித்திருந்தால்? பூச்சளவில் இருக்கும் வெடிப்பைச் சரிசெய்யலாம். எண்ணெய்ப் பிசுக்கை முழுக்க எடுத்து, நயமான உப்புத்தாளால் சமப்படுத்தி, வளைகிற நிரப்பியை மெல்லிய அடுக்குகளாகத் தடவி, நிறம் கலந்து அடித்து, மேலே தெளிவான காப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். தோலே கிழிந்திருந்தால் அடியில் துணி வைத்து, வளைகிற பசையால் ஒட்ட வேண்டும். உடனே ஒட்டும் பசை கண்ணாடிபோல் இறுகி ஓரத்தில் புதிதாகக் கிழிக்கும். தையல் நூல் வெயிலில் இற்றுவிட்டிருந்தால் பத்து அங்குலம் பிரிவதற்குள் கொண்டுபோங்கள். சுருக்கம் மட்டும் அதிகமாக இருந்தால் தோலைக் குறைசொல்லாமல் ஃபோமை அழுத்திப் பாருங்கள். பல நேரம் அதுதான் உட்கார்ந்துபோயிருக்கும். ஃபோமை மாற்றிப் பழைய தோலையே திரும்பப் போர்த்தச் சொல்லிக் கேளுங்கள். புது உறை தைத்து விற்கவே கடைக்காரர் ஆசைப்படுவார், ஆனால் கேட்டால் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள்.