போர்க்கள வைத்தியமும் நகைச்சுவையும்



மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியர், நகையை முதலாவதாகவும் அழுகையை அதற்கு அடுத்ததாகவும் வைத்தார். வாழ்க்கையிலும் இவ்விரண்டும் அயல் வீட்டாராகவே இருந்து வருகின்றன. ஆயினும், கலைஞன் ஒருவன் இவ்விரண்டினையும் ஒரே மேடையில் ஏற்ற முயலும்போது பெரியதோர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. பிறர் துன்புறும் இடத்தில் நம்மைச் சிரிக்க வைத்தால் அது கொடுமையாகும். துன்பத்தை மறைத்துவிட்டுச் சிரிக்க வைத்தாலோ, அது பொய்யாகும். இந்த இடர்ப்பாட்டினைப் பதினொரு பருவங்களாக, 256 நிகழ்ச்சிகளில் எதிர்கொண்ட தொலைக்காட்சித் தொடர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சீ.பீ.எஸ். நிறுவனத்தாரால் 1972ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி தொடங்கப்பட்டு, 1983ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி நிறைவெய்திய 'மாஷ்' என்பதே அத்தொடர். அஃது எவ்வாறு உருவாயிற்று என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

'மாஷ்' என்பது ஓர் ஆளின் பெயருமன்று, ஊரின் பெயருமன்று. நடமாடும் இராணுவச் சத்திரசிகிச்சை வைத்தியசாலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துக்களால் ஆகிய குறுக்கப்பெயர் அது. 1950ஆம் ஆண்டு யூன் 25ஆந் திகதி மூண்டு, 1953ஆம் ஆண்டு யூலை 27ஆந் திகதி போர்நிறுத்த உடன்படிக்கையுடன் ஓய்ந்த கொரியப் போரிலே அமெரிக்கப் படையினர் இத்தகைய வைத்தியசாலைகளைப் பயன்படுத்தினர். கூடாரங்களால் ஆன இவ்வைத்தியசாலைகள், போர்முனை முன்னேறினால் தாமும் முன்னேறும். அது பின்வாங்கினால் லொறிகளில் ஏற்றப்பட்டுத் தாமும் பின்வாங்கும். காயமுற்றவனை நெடுந்தூரம் சுமந்து செல்வதை விடுத்து, வைத்தியசாலையையே அவனுக்கு அண்மையிற் கொண்டு நிறுத்துதல் என்பதே இதன் அடிப்படை எண்ணம். மலைகள் மலிந்த அந்நாட்டில், இருபுறமும் படுக்கை பூட்டப்பட்ட சிறிய ஹெலிகொப்டர்கள் காயமுற்றோரைச் சுமந்து வந்து கூடாரங்களின் அருகே இறக்கின.

இதனால் விளைந்த பயன் பெரிது. இரண்டாம் உலகப் போரில், காயமுற்று வைத்தியசாலையை அடைந்த அமெரிக்க வீரர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 4.5 பேர் இறந்தனர். கொரியப் போரில் இத்தொகை 2.5 ஆகக் குறைந்தது. அறுந்த நாடிக்குழாய்களைக் கட்டிவிடுவதே முன்னைய வழக்கம். அதனால் கால் கைகளை வெட்டி அகற்ற நேர்வது மிகுதி. கொரியாவிலோ இளம் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் அக்குழாய்களைத் தைத்துச் சீர்செய்யவும், வேறிடத்திலிருந்து குழாய் எடுத்து ஒட்டவும் முற்பட்டனர். நாடிக்குழாய்க் காயமுற்றோருள் நூற்றுக்கு 49 பேர் அளவில் உறுப்பை இழந்த நிலை மாறி, அத்தொகை 13 அளவிற்கு இறங்கியது.

இச்சாதனையைப் புரிந்தோர் யாவர்? அவர்களுட் பலர் படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த இளைஞர். வைத்தியர்களைக் கட்டாய சேவைக்கு அழைக்கும் சட்டம் 1950ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டிருந்தது. விரும்பாத போரொன்றிலே, உறக்கமின்றி, குருதியிற் கை தோய்ந்து நின்ற இவர்கள், கூடாரத்திற்கு வெளியே வந்ததும் குறும்பும் கேலியும் கூத்துமாகப் பொழுதைப் போக்கினர். சித்தம் கலங்காதிருப்பதற்கு அவர்கள் கண்ட மருந்து அதுவாகும்.

அவர்களுள் ஒருவர் றிச்சர்ட் ஹோர்ன்பேகர். 8055ஆம் இலக்க வைத்தியசாலையிற் பணிபுரிந்த இவர், ஊர் திரும்பித் தம் தொழிலை நடத்திக்கொண்டே தம் அநுபவங்களை நாவலாக எழுதினார். எழுத்தாளர் டபிள்யூ. சீ. ஹைன்சின் துணையோடு, றிச்சர்ட் ஹூக்கர் என்னும் புனைபெயரில், அந்நாவல் 1968ஆம் ஆண்டு வெளிவந்தது. 1970இல் றொபேட் ஓல்ற்மன் அதனைத் திரைப்படமாக நெறிப்படுத்தினார். அப்படம் கான் திரைப்பட விழாவில் முதற் பரிசைப் பெற்றது. கதை கொரியாவில் நிகழ்வதாயினும், அப்போது வியட்நாமிலே போர் நடந்துகொண்டிருந்தமையால், பார்த்தவர் பலரும் வியட்நாமையே அதிற் கண்டனர்.

இப்படத்தைத் தொலைக்காட்சிக்கு ஏற்ப அமைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் ஜீன் ரெனோல்ட்ஸ் ஏற்றார். முதல் நிகழ்ச்சியை எழுதுவதற்கு அவர் நாடிய எழுத்தாளர் லாரி கெல்பார்ட் அக்காலத்தில் இலண்டனில் வசித்து வந்தார். வானொலியில் நகைச்சுவை எழுதிப் பழகிய கெல்பார்ட், கொரியப் போர்க்காலத்திலேயே நகைச்சுவை நடிகர் பொப் ஹோப்பின் குழுவோடு கொரியாவுக்குச் சென்று படைவீரரைக் கண்டவர். ஆகவே, தாம் எழுதப் புகுந்த களம் எத்தகையது என்பதை அவர் அறிந்திருந்தார்.

தலைமைப் பாத்திரமான பியர்ஸ் என்னும் வைத்தியராக நடிக்க அலன் அல்டா அழைக்கப்பட்டார். அவர் உடனே இசையவில்லை. போர் என்பது கேலிக் கூத்துக்கு ஒரு பின்திரையாக மாத்திரம் ஆகிவிடுமோ என அவர் அஞ்சினார். காயமுற்றோரின் வேதனையும், அவர்களுக்காக வைத்தியர் படும் பாடும் தொடரில் இடம்பெற வேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். கெல்பார்ட்டும் ரெனோல்ட்சும் அவரை நேரிற் சந்தித்துத் தமது நோக்கமும் அதுவே எனத் தெளிவுபடுத்திய பின்னரே அவர் நடிக்க முன்வந்தார்.

நோக்கம் நன்றாயிருந்தாலும் நிறுவனத்தாரின் வழக்கம் குறுக்கே நின்றது. வானொலி நேயர்களாகிய உங்களுக்குச் சிரிப்பொலியின் ஆற்றலை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பலர் சிரிக்கும் ஓசை காதில் விழுந்தால், தனியே இருப்பவனும் சிரிக்கத் தலைப்படுகிறான். ஆதலால், நகைச்சுவை நிகழ்ச்சிகளில் முன்னரே பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்ப்பது அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிலைத்துவிட்ட வழக்கமாயிருந்தது. கெல்பார்ட்டும் ரெனோல்ட்சும் அதனை எதிர்த்தனர். கொரிய மலைச்சாரலிலே, கூடாரத்தின் நடுவே, இந்தச் சிரிப்பைச் சிரிப்போர் யார் என்பதே அவர்களின் வினா. நிறுவனத்தார் விட்டுக்கொடுக்கவில்லை. ஈற்றில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. ஏனைய காட்சிகளிற் சிரிப்பொலி இருக்கலாம். சத்திரசிகிச்சைக் கூடத்தினுள் அஃது எழலாகாது.

சிறு விதியாகத் தோன்றும் இவ்விணக்கத்திலே தொடரின் உயிர் அடங்கியிருந்தது எனலாம். கூடத்தினுள் வைத்தியர்கள் பேச்சை நிறுத்தவில்லை, பகடியையும் நிறுத்தவில்லை. ஆனால் அதனைக் கேட்டுச் சிரிக்க எவரும் இல்லை. கருவிகள் தட்டில் விழும் ஓசையும் தாதியர் விடையிறுக்கும் குரலுமே கேட்டன. அதே பகடி அங்கே வேறு பொருள் தந்தது. கை நடுங்காதிருப்பதற்காக மனிதன் வாயாற் பேசிக்கொள்ளும் பேச்சு அது என்பதைப் பார்ப்போர் தாமே உணர்ந்தனர். இங்கிலாந்தில் பீ.பீ.சீ.யார் இத்தொடரைச் சிரிப்பொலி இன்றியே ஒளிபரப்பினர்.

கற்பனை மாத்திரம் போதாது என்பதையும் ஆக்கியோர் உணர்ந்திருந்தனர். கொரியாவிற் பணியாற்றிய வைத்தியர், தாதியர், விமானிகள் ஆகியோரைத் தேடிப் பேட்டி கண்டு, அவர்தம் சொற்களைப் பதிவுசெய்தனர். கெல்பார்ட்டும் ரெனோல்ட்சும் தென்கொரியாவிற்கே சென்று செய்தி திரட்டினர். வைத்தியர் ஒருவர் ஆலோசகராக அமர்த்தப்பட்டு, சத்திரசிகிச்சை விவரங்களைச் சரிபார்த்தார். எழுதத் தெரியாமல் எழுந்த பல காட்சிகளுக்கு இப்பேட்டிகளே ஊற்றாயின.

படப்பிடிப்பு, கலிபோர்னியாவில் மலிபு மலைப் பகுதியிலிருந்த பண்ணை நிலத்திலும், அரங்கினுள்ளும் நடந்தது. கொரியாவின் கடுங்குளிரைக் கலிபோர்னிய வெயிலில் நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. இது தொடர்பாக எழுத்தாளர் கென் லெவின் கூறிய செய்தி ஒன்று சுவையானது. நடிகர்கள் கையெழுத்துப் பிரதியிலே சிறு சிறு குறைகளைச் சொல்லி ஓயாது தொல்லை தந்தனராம். எழுத்தாளர்கள் மறுமொழி கூறவில்லை. கடுங்குளிர்காலக் கதை ஒன்றை எழுதி, கொளுத்தும் வெயிலிலே தடித்த குளிரங்கிகளோடு, எரியும் நெருப்பைச் சூழ்ந்து நடிகர்களை நிற்கச் செய்தனர். அதன் பின்னர் முறைப்பாடுகள் எழவில்லை.

முதலாம் ஆண்டில் இத்தொடரை நாடியோர் அதிகமில்லை. வரிசையில் அதற்குக் கிடைத்தது 46ஆம் இடம். ஆயினும் அவ்வாண்டிலேயே ஆக்கியோர் துணிந்து ஒரு காரியம் செய்தனர். பியர்சைக் காண வந்த பழைய நண்பன், பின்னர் காயமுற்றுக் கொணரப்பட்டு, அவன் கையிலேயே இறக்கின்றான். அதுவரை பகடி பேசிய வைத்தியன் அழுகின்றான். நகைச்சுவைத் தொடரின் தலைவன் இவ்வாறு அழுவது அக்காலத்திற்குப் புதுமை. இரண்டாம் ஆண்டில் சனிக்கிழமை இரவுக்கு மாற்றப்பட்ட தொடர், வரிசையில் நான்காம் இடத்திற்கு உயர்ந்தது.

1975ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி ஒளிபரப்பான நிகழ்ச்சி இதனிலும் ஒரு படி மேற்சென்றது. முகாமின் தலைவர் ஹென்றி பிளேக்காக நடித்த மக்லீன் ஸ்டீவன்சன் தொடரை விட்டு விலக விரும்பினார். ஹென்றி சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டு, எல்லோரிடமும் விடைபெற்று, மகிழ்வோடு வீட்டிற்குப் புறப்படுவதாகக் கதை அமைந்தது. இறுதிப் பக்கம் ஒன்றை மட்டும் கெல்பார்ட் மறைத்து வைத்திருந்தார். மற்றைய காட்சிகள் எடுக்கப்பட்டு முடிந்த பின்னரே நடிகர்கள் அதனைப் பார்த்தனர். ஹென்றி சென்ற விமானம் யப்பான் கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, எவரும் பிழைக்கவில்லை என்னும் செய்தியை, எழுதுவினைஞனான இளைஞன் ஒருவன் சத்திரசிகிச்சைக் கூடத்தினுள் வந்து வாசிக்கின்றான். வைத்தியர்கள் கையை நிறுத்த இயலாது. மேசையிற் கிடப்பவன் காத்திருக்கிறான். அவ்வேளை யாரோ ஒருவர் கையிலிருந்து கருவியொன்று தற்செயலாகக் கீழே விழுந்த ஓசை பதிவாயிற்று. அதனை அகற்றாமல் அப்படியே விட்டனர். நேயர்கள் பலர் சினந்து கடிதம் எழுதினர். விரும்பிய மனிதர் காரணமின்றி மாண்டுபோதல் நியாயமா என்பதே அவர்களின் முறைப்பாடு. போர் என்பது அதுவே என்பதுதான் ஆக்கியோரின் விடை.

அடுத்து வந்த ஆண்டுகளிற் பலர் விலகினர், பலர் சேர்ந்தனர். கெல்பார்ட் நான்காம் பருவத்தோடும், ரெனோல்ட்ஸ் ஐந்தாம் பருவத்தோடும் விலகினர். பேர்ட் மெட்காஃப் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். அல்டா நடிப்போடு அமையாது, எழுதவும் நெறிப்படுத்தவும் தொடங்கினார். இம்மூன்றிற்குமே 'எம்மி' விருதுகள் பெற்றார். புதிய உத்திகள் பல கையாளப்பட்டன. செய்தியாளர் ஒருவர் முகாமினரைப் பேட்டி காண்பதாகக் கறுப்பு வெள்ளையில் ஒரு நிகழ்ச்சி எடுக்கப்பட்டது. அதிற் சில விடைகளை நடிகர்களே அவ்வப்போது அமைத்துக் கூறினர். மற்றொன்றிலே, தொண்டையிற் காயமுற்றுப் பேச இயலாத வீரன் ஒருவனின் கண்களாகவே கமரா இயங்கியது. இன்னொன்றில், குருதியோட்டம் தடைப்பட்ட வீரனைக் காக்க எஞ்சியுள்ள நிமிடங்களைத் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் எண்ணிக்கொண்டிருந்தது. நாடிக்குழாய்ச் சிகிச்சை பற்றி முன்னர் கூறினோம் அன்றோ? அந்த வரலாற்றையே அந்நிகழ்ச்சி கதையாக்கிற்று.

குறைகளும் இல்லாமல் இல்லை. மூல நாவலை எழுதிய ஹோர்ன்பேகருக்கே, தொடரின் போரெதிர்ப்புப் போக்குப் பிடிக்கவில்லை. மூன்றாண்டுப் போர் பதினொரு ஆண்டு நீண்டது. தொடக்க நிகழ்ச்சிகளிலே தாதியர் பெரும்பாலும் வைத்தியரின் குறும்புக்கு இலக்காகவே வந்து போயினர். பின்னரே அவர்களுக்கு மனமும் குரலும் வாய்த்தன. எந்த நாட்டின் மண்ணில் போர் நடந்ததோ, அந்நாட்டு மக்கள் பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றனர். இவற்றை மறைத்துப் புகழ்தல் தகாது.

1982ஆம் ஆண்டு ஒக்டோபரில், இறுதி நிகழ்ச்சி தயாராகிக்கொண்டிருந்த வேளையிலே, மலிபு மலையிற் பரவிய காட்டுத்தீ வெளிப்புற முகாமைப் பெரும்பாலும் எரித்துவிட்டது. ஆக்கியோர் அத்தீயையே கதையினுள் சேர்த்துக்கொண்டனர். இரண்டரை மணி நேரம் நிகழ்ந்த அவ்விறுதி நிகழ்ச்சியை அல்டாவே நெறிப்படுத்தினார். ஏறத்தாழ 10 கோடி 60 இலட்சம் மக்கள் அதனைக் கண்டனர்.

அதன் கதையும் கருதத்தக்கது. பியர்ஸ் மனநோய் வைத்தியசாலையில் இருக்கின்றான். பகைவர் அருகில் நிற்க, பேருந்தொன்றில் யாவரும் ஓசையின்றி ஒளிந்திருந்த இரவொன்றை அவன் நினைவுகூர்கின்றான். கூவிய கோழியை ஒரு பெண் நெரித்துக் கொன்றாள் என்கிறான். மருத்துவர் மெல்ல மெல்ல வினவ, உண்மை வெளிப்படுகின்றது. அவள் நெரித்தது கோழியையன்று. அழுத தன் குழந்தையை. பதினொரு ஆண்டுகள் பகடியாலே தன்னைக் காத்துக்கொண்ட மனிதனுக்கு, அந்த ஒன்றைப் பகடியாக்க இயலவில்லை. எனவே அவன் மனம் அதனை வேறொன்றாக்கி மறைத்தது. சிரிப்பு மருந்தாகும், ஆயினும் அதனால் ஆறாத புண்ணும் உண்டு என்பதைத் தொடர் தன் முடிவிலே ஒப்புக்கொண்டது.

அமெரிக்கப் படையின் கடைசி 'மாஷ்' வைத்தியசாலை, 2005ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பின் பாகிஸ்தானிற் பணிபுரிந்து, தன் கூடாரங்களையும் கருவிகளையும் அந்நாட்டிற்கே அளித்துவிட்டு, 2006ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. அவ்வகை வைத்தியசாலையின் காலம் அதனோடு முடிந்தது. எனினும், துன்பத்தின் நடுவே சிரிக்கத் துணிவோர் எங்கும் உளர். எவ்விடத்திற் சிரிக்கலாம், எவ்விடத்தில் அச்சிரிப்பை அடக்க வேண்டும் என்று அறிந்தோரே அவர்களை நமக்கு உண்மையாகக் காட்ட வல்லவர். அவ்வறிவினை இத்தொடரை ஆக்கியோர் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாயிலிலே கற்றுக்கொண்டனர்.