மொரிஸ் மைனர்: உறுதியும் ஊறும்

இலங்கை வீதிகளில் நெடுங்காலம் ஓடி உழைத்த இறக்குமதிக் கார்களுள் மொரிஸ் மைனருக்குத் தனியிடம் உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இச்சிறு கார் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. 1971இல் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இந்நாட்டிற் கார் இறக்குமதி சுருங்கவே, இருந்த வண்டிகளையே பேணி ஓட்டவேண்டியதாயிற்று. மைனருக்கு அழிவில்லை என்னும் எண்ணம் வேரூன்றியது.

அவ்வெண்ணத்துக்கு ஆதாரம் அதன் இயந்திரம். சிக்கலற்ற அமைப்பு; சில ஸ்பனர்களைக் கொண்டே கழற்றிப் பூட்டலாம். 1990களின் முற்பகுதியிற் பெற்றோல் தடையால் யாழ்ப்பாணத்துப் பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை அறியாதார் யார்? சிறிதளவு பெற்றோலாற் கிளப்பி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்கம் குறைந்த இயந்திரங்களாதலின் அது இயன்றது. ஆயினும் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. உள்ளுறுப்புகள் விரைவில் தேய்ந்தன.

மின்சாரப் பெற்றோல் பம்பின் தொடுமுனைகள் கருகினால் அதன் ‘டிக் டிக்’ ஒலி அடங்கும், வண்டியும் நிற்கும். பழகிய சாரதி ஸ்பனரின் பிடியால் அதனை மெல்லத் தட்டுவார், மீண்டும் ஓடும். இது சிரித்துவிட்டுப் போகத்தக்க குறை.

சிரிக்கவியலாத குறை முன்சில்லில் உளது. சில்லைத் தாங்கும் நிலைக்கம்பத்தின் அடிமுனை மரையிடப்பெற்று, டிரனியன் எனப்படும் உறுப்பினுள் திருகப்பட்டிருக்கும். சுக்கானைத் திருப்புந்தோறும் அம்மரை உள்ளே சுழலும். அவ்விடத்தில் காலந்தவறாது கிறீஸ் ஏற்றாவிடின் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். சில்லு மடிய, வண்டி அப்பக்கம் தரையில் விழும். இயந்திரம் இனிது ஓடுகின்றமையே உரிமையாளரை இதன்மட்டில் அயரச்செய்கிறது. வாங்க எண்ணுவோர் இயந்திர ஒலிக்குச் செவிகொடுக்குமுன், சில்லை ஜாக்கியால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தல் வேண்டும். ஆட்டம் மிகுதியாயின், திருத்துமளவும் அதனை வீதிக்கு இறக்கலாகாது.

துருவும் மறைவிலேதான் வளரும். தனிச்சட்டம் இல்லாத இவ்வண்டியின் பாரத்தை அடித்தகடுகளே தாங்குகின்றன. கடற்காற்று வீசும் ஊர்களில் மேற்பூச்சுப் பளபளக்கையிலேயே அவை உக்கிப்போகும்; ஆதலின் கதவுகளின் கீழும், பின்வில்லுகள் பொருந்துமிடத்தும் தட்டிப் பார்ப்பது நன்று. பிரேக்கின் தலைமை உருளையும் சாரதியின் காலடித் தரையின்கீழ் ஒளிந்துள்ளது. எட்டாத இடமாதலின் பலர் அதனைக் கவனிப்பதில்லை. நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய்த் தொடர்பு ஒன்றே. ஓரிடத்திற் கசிந்தால் கால்மிதி முழுதும் பயனற்றுப் போகலாம்.

உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமென்று சாக்குச் சொல்வதற்கில்லை. 1990களிற் காலியில் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. டிரனியனும் இன்றளவும் புதிதாகவே விற்பனைக்குண்டு.