பெயர்ப் பலகைக்கும் ஓர் அளவு வேண்டும்

வணிகப் பெருமக்களின் கவனத்திற்கு ஒரு செய்தியைக் கொண்டுவர விரும்புகிறோம். நாகர்கோவில் மணிமேடை, வேப்பமூடு, கோட்டாறு கடைத்தெரு, மார்த்தாண்டம், தக்கலை, திங்கள்சந்தை என நம் மாவட்டத்தில் எங்கு போனாலும் இன்று கண்ணில் முதலில் படுவது கடையும் அல்ல, சரக்கும் அல்ல, பலகைதான். ஒருவர் ஆறடிப் பலகை வைத்தால் அடுத்தவர் எட்டடி வைக்கிறார். அவரை மறைக்க மூன்றாமவர் பத்தடி வைக்கிறார். முடிவில் மூன்று கடைகளின் பெயரையும் வாடிக்கையாளர் படிக்க முடிவதில்லை. செலவு மட்டும் மூவருக்கும் ஏறியிருக்கிறது.

முன்னெல்லாம் இந்தப் போட்டிக்கு ஒரு இயற்கையான எல்லை இருந்தது. தகரத்தில் பெயிண்டர் கையால் எழுத வேண்டும். எழுத்து கூடினால் கூலி கூடும். உருவப்படம் என்றால் இன்னும் கூடும். ஆகவே கடைப்பெயர், உரிமையாளர் பெயர், தொழில் என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். பிளக்ஸ் அச்சு வந்த பிறகு அந்த எல்லை போய்விட்டது. சதுர அடிக்குச் சில ரூபாய் கொடுத்தால் எத்தனை வண்ணமும் எத்தனை முகமும் ஒரே இரவில் அச்சாகி வந்துவிடுகின்றன. செலவு போட்டுவந்த எல்லையை இனி நாமே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றின் கணக்கு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றுதான் நம் கடைப் பலகைகளையும் தள்ளுகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

பலகையின் நீளத்தையும் உயரத்தையும் இரு மடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். காற்று அதைத் தள்ளும் விசையும் நான்கு மடங்காகும். காற்றின் வேகம் இரு மடங்கானாலும் விசை நான்கு மடங்காகும். இரண்டும் சேர்ந்தால் பதினாறு மடங்கு. பத்தடிக்கு ஆறடிப் பலகை ஒன்றின் மீது மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் ஏறக்குறைய 250 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். அதாவது ஐந்து சீனி மூட்டை. துருப்பிடித்த நான்கு ஆணியும் கட்டுக்கம்பியும் அதைத் தாங்குமா என்று ஒவ்வொருவரும் தம் கடை வாசலில் நின்று மேலே பார்த்துக்கொள்ளலாம்.

விழுந்தால் யார் தலையில் விழும்? நம் கடைக்கு வந்தவர் தலையிலும், வாசலில் சைக்கிளை நிறுத்திய பையன் தலையிலும்தான். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், திருமணத்திற்காக வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் பொறியாளர் நிலைதடுமாறி விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி உயிரிழந்தார். 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை பொருத்தும்போது சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மீது விழுந்த பலகை 17 உயிர்களைக் குடித்தது. அங்கே அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அளவு 40 அடிக்கு 40 அடி. விழுந்த பலகையோ 120 அடிக்கு 120 அடி. அளவு என்பது அதிகாரிகள் தொல்லை கொடுக்க வைத்த விதி அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டம் சொல்வது

பொது இடங்களின் அழகைக் கெடுக்கும் விளம்பரங்களைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. பேனர்களில் உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் போடக்கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டதும், அதன்மேல் மேல்முறையீடு நடந்ததும் வாசகர்கள் அறிந்ததே. கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடத்தில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் நமக்குப் புதியதல்ல.

பீடி, சிகரெட் விற்கும் கடைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்ட விதிகளின்படி, விற்பனை இடத்தில் வைக்கும் பலகை 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் அளவைத் தாண்டக்கூடாது. என்ன வகைப் பொருள் கிடைக்கும் என்பதை மட்டுமே எழுதலாம். கம்பெனிப் பெயரோ, பாக்கெட்டின் படமோ இருக்கக்கூடாது. உள்ளே விளக்குப் போடவும் கூடாது. மேற்பகுதியில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும். கம்பெனி ஏஜெண்டு கொண்டுவந்து மாட்டினார் என்று சொல்வது விடை ஆகாது. பலகை நம் கடையில் இருக்கிறது.

இலவசப் பலகையின் விலை

இங்கே இன்னொரு கேள்வியும் எழுகிறது. சோப்பு, குளிர்பானம், செல்போன் கம்பெனிகள் இலவசமாகப் பலகை தருகின்றன. பத்தடிப் பலகையில் எட்டடிக்கு அவர்கள் சரக்கின் படம். ஒரு மூலையில் நம் பலசரக்குக் கடையின் பெயர். தாத்தா காலத்தில் இருந்து ஊரார் பெயர் சொல்லித் தேடிவந்த கடை, இன்று பத்துக் கடைகளோடு ஒரே நிறத்தில் நிற்கிறது. வாடிக்கையாளர் மனதில் பதிவது கம்பெனியின் பெயர். அந்தச் சரக்கு நாளை பெரிய அங்காடியில் இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைத்தால் அவர் அங்கே போவார். நம் பெயரைத்தான் நாம் அவருக்குச் சொல்லவே இல்லையே!

பலகை சிறியதானால் வியாபாரம் குறையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய கடைகளுக்குப் பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாம் உண்டு. சிறு வணிகருக்கு வாசல் பலகை ஒன்றுதான் விளம்பரம். ஆனால் அளவுப் போட்டியில் கடைசியில் வெல்பவர் யார்? பணம் உள்ளவர்தான். எல்லோருக்கும் ஒரே எல்லை என்றால்தான் சிறியவர் பெயரும் தெரியும்.

பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரம் 2007 ஜனவரி 1 முதல் தெரு விளம்பரப் பலகைகளையே தடை செய்தது. கடைப் பெயர்ப் பலகைக்கும் அளவு வைத்தது: முகப்பு 10 மீட்டருக்குக் குறைவான கடை என்றால் ஒன்றரை சதுர மீட்டர், அதாவது சுமார் 16 சதுர அடி மட்டுமே. உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று அந்த அளவில் வியாபாரம் செய்கிறது.

படிப்பதற்கும் பெரிய பலகை தேவையில்லை. பத்தடி தூரத்திற்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகைத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அறுபதடி தொலைவில் இருந்து தெரிய ஆறு அங்குல எழுத்து போதும். நாலைந்து வண்ணங்களையும் ஏழெட்டு முகங்களையும் நீக்கினால், எட்டடிக்கு இரண்டடிப் பலகையிலேயே கடைப்பெயர் பளிச்சென்று நிற்கும்.

நாமே போட்டுக்கொள்ள வேண்டிய எல்லை

உறுப்பினர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க, கீழ்க்கண்டவற்றை முன்வைக்கிறோம்.

1. பலகை நம் கடைச் சுவரின் அகலத்திற்குள் இருக்கட்டும். ஓடைக்கு மேலோ, நடைபாதைக்கு மேலோ, பக்கத்துக் கடையை மறைத்தோ நீள வேண்டாம்.

2. பலகையில் பாதிக்குக் குறையாமல் கடைப்பெயர் இருக்கட்டும். கம்பெனிப் படம் கால் பங்கைத் தாண்ட வேண்டாம். இதை ஒப்புக்கொள்ளாத கம்பெனியின் இலவசம் நமக்கு வேண்டாம்.

3. கடை திறப்பு, ஆண்டு விழா, பண்டிகை வாழ்த்துப் பேனர்களை அனுமதி பெற்று வைத்து, விழா முடிந்த மறுநாளே இறக்குவோம்.

4. ஆண்டுதோறும் வைகாசி மாதத்தில், காற்றுக் காலத்திற்கு முன், சட்டத்தையும் ஆணியையும் வெல்டிங்கையும் ஆள் வைத்துப் பார்ப்போம்.

5. இறக்கிய பிளக்ஸைத் தெருவில் எரிக்கவோ குளத்தோரம் வீசவோ வேண்டாம்.

பிளக்ஸ் அச்சகம் நடத்துபவர்களும் நம்மைப் போல் வணிகர்களே. அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது நம் எண்ணமல்ல. அளவான, உறுதியான, நெடுநாள் நிற்கும் பலகைகளைச் செய்து தரும் வேலை அவர்களுக்கு எப்போதும் உண்டு.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கேள்வி வரும். ஒரு கடைக்காரர் மட்டும் பலகையைச் சிறிதாக்கினால் நட்டம் அவருக்கே. ஒரு தெருவில் உள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் செய்தால் எவருக்கும் நட்டமில்லை. தனி ஒருவரால் முடியாததைச் சேர்ந்து செய்யத்தானே சங்கம் வைத்திருக்கிறோம்? நீதிமன்ற உத்தரவோடு அதிகாரிகள் வந்து பலகையைப் பிடுங்கி லாரியில் ஏற்றும்போது வாதாடுவதைவிட, நாமே அளவு வைத்து நடந்து காட்டுவது மரியாதை. முதலில் ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, அத்தெரு வணிகர்களை அழைத்துப் பேசுமாறு கிளைச் சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஆடி பிறக்குமுன் அந்தப் பேச்சு நடக்கட்டும்.